சித்திரங்களைக் காப்பவர் யார்?

ஒரு தேசத்தின் பெருமைக்குச் சாட்சியான பொருள்கள் அத்தேசத்தில் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை அறிந்து, எண்ணி, எழுதி வைத்துக் காப்பவர் இருத்தல் வேண்டும். காப்பவர் இல்லாத இடத்தில் பொருள் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கோயில் நகைக்கும் குடும்பச் சொத்துக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பதை எவரும் ஒப்புக்கொள்வர். காகிதத்தில் வரைந்த சித்திரங்களுக்கும், மரப்பலகையிலும் செப்புத் தகட்டிலும் செதுக்கியும் கல்லின்மேல் எழுதியும் அச்சிட்ட பழைய படங்களுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பதைத்தான் நம்மவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பொருட்காட்சிசாலைகளில் இத்தகைய படங்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் உத்தியோகஸ்தரை மேல்நாட்டார் க்யூரேட்டர் என்பர். நாம் காப்பாட்சியர் என்கிறோம். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, காலையில் அறையைத் திறந்து மாலையில் பூட்டும் வேலை அது என்பது நம்மில் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது. அப்பிழையினால் இத்தேசம் இழந்தவை பல. இன்னும் இழக்கக்கூடியவை அவற்றினும் அதிகம். ஆகவே இவ்வுத்தியோகம் யாது, அதற்கு வேண்டிய தகுதிகள் யாவை என்பதை முதலில் ஆராய்வோம்.

கற்சிலை ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கும். செப்புத் திருமேனி மண்ணுள் புதைந்து கிடந்து, உழுபவனின் கொழுமுனையில் தட்டுப்பட்டு மீண்டும் வெளிவரும். காகிதத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஈரம், பூச்சி, மட்டமான பசை, புளிப்பேறிய அட்டை ஆகிய அனைத்தும் அதற்குச் சத்துருக்கள். எல்லாவற்றினும் பெரிய சத்துரு வெளிச்சம். வெளிச்சத்தினால் வெளுத்த வர்ணம் மீண்டும் வருவதில்லை; எந்த வைத்தியனாலும் அதைத் திருப்பித் தர இயலாது. ஆகையினால்தான் நன்கு நடைபெறும் பொருட்காட்சிசாலைகளில் இப்படங்களை மங்கிய விளக்கொளியில், பெரும்பாலும் 50 லக்ஸ் அளவுக்கு மேற்படாமல், சில மாதங்களே காட்டிப் பின்னர் பல காலம் இருட்டில் ஓய்வாக வைக்கின்றனர். வியன்னா நகரத்து ஆல்பெர்டினா பொருட்காட்சிசாலையில் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1502-ஆம் ஆண்டில் தீட்டிய முயலின் சித்திரம் ஒன்று உண்டு. உலகப் பிரசித்தி பெற்ற அம்முயலைக் காணச் செல்லும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் அதன் பிரதியையே பார்த்துத் திரும்புகின்றனர். அசல் எப்பொழுதாவதுதான் வெளியே வரும்.

காட்டுவதற்கென்றே ஏற்பட்ட சாலையில் காட்டமாட்டேன் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். மந்திரியானாலும், பிரபுவானாலும், நன்கொடை தந்த தனவந்தரானாலும் ‘இப்பொழுது இயலாது’ என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுகிறவரே உண்மையான காப்பாட்சியர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறக்கப்போகும் மனிதர்களின் வக்கீலாக அவர் இன்று வாதாடுகிறார். அக்கட்சிக்காரர்கள் வக்காலத்து எழுதிக் கொடுக்கவும் இயலாது. கூலி கொடுக்கவும் இயலாது.

ஆனால் இருட்டில் பூட்டி வைப்பதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. தாம் காப்பது யாது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அச்சுப்படம் என்றால் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகள் அச்சிட அச்சிடத் தேய்ந்து போகும். முதலில் எடுத்த பிரதியின் உயிர் பின்னால் எடுத்ததில் இராது. அன்றியும் ஓவியன் இடையிலே தகட்டை மாற்றிச் செதுக்குவதும் உண்டு. ஹாலந்து தேசத்து ரெம்பிராண்ட் 1653-இல் செதுக்கிய ‘மூன்று சிலுவைகள்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் எடுத்த பிரதிகளில் கூட்டத்தினர் பலர் தெளிவாகக் காணப்படுகின்றனர். பின்னர் அவர் அதே தகட்டைக் கடுமையாகத் திருத்தினார். அதன்பின் எடுத்த பிரதிகளில் அவர்களிற் பலர் இருளில் மறைந்துவிட்டனர். தகடு ஒன்று, படமோ வேறு. எது முந்தியது, எது பிந்தியது, எது ஓவியன் கையால் எடுத்தது, எது அவன் இறந்தபின் வியாபாரி அடித்தது என்பதைக் காகிதத்தின் நீர்க்குறியாலும் மையின் தன்மையாலும் கோட்டின் கூர்மையாலும் கண்டு சொல்லும் ஞானம் ஒரு வருஷத்தில் வருவதன்று. ஆயிரக்கணக்கான படங்களைக் கையிலெடுத்துப் பார்த்த கண்ணுக்கே வருவது.

அவ்வாறு அறிந்ததை அறிந்தவர் மனத்தோடு அழியவிடாமல் எழுதி வைப்பது அடுத்த கடமை. வியன்னாவில் அரசாங்கப் படச் சேகரத்தின் காப்பாட்சியராக இருந்த ஆதாம் பார்ட்ஷ் என்பவர், 1803 முதல் 1821 வரையில் 21 பாகங்களாக அச்சுப்படங்களின் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அவர் காலத்து சாம்ராஜ்யம் இன்று இல்லை. ஆனால் அவர் படங்களுக்கு இட்ட எண்களை இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் உலகெங்குமுள்ள காப்பாட்சியர்களும் வியாபாரிகளும் உபயோகித்து வருகின்றனர். சேனைகள் சாதிக்காத சிரஞ்சீவித்துவத்தை ஓர் அட்டவணை சாதித்திருக்கிறது.

அட்டவணையின் மகிமையை அது இல்லாதபோது நேரும் கேட்டினால் நன்கு அறியலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ராபர்ட் டைட்டன் என்ற கேலிச்சித்திரக்காரர் அங்குப் படங்களின் பொறுப்பிலிருந்த அதிகாரியுடன் சிநேகம் கொண்டு, அடிக்கடி சென்று, ரெம்பிராண்ட் முதலியோரின் படங்களைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுபோய்விட்டார். 1806-இல் ஒரு வியாபாரி தாம் விலைக்கு வாங்கிய படத்தை மியூசியத்துப் பிரதியோடு ஒப்பிட வந்தார். மியூசியத்துப் பிரதியைக் காணவில்லை! அவர் கையிலிருந்ததே அது. அதன் பிறகுதான் களவு வெளிப்பட்டது. எத்தனை படங்கள் போயின என்று சொல்லத் தக்க பட்டியல் இல்லை. இன்ன படம் எம்முடையது என்று காட்ட முத்திரையும் இல்லை. திருடியவர் தண்டனையின்றித் தப்பினார். நம்பிய அதிகாரி வேலையை இழந்தார். 1808-இல் இப்படங்களின் பொறுப்புக்கென்றே வில்லியம் அலெக்சாண்டர் என்னும் ஓவியர் நியமிக்கப்பட்டார்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும் அதே ஸ்தாபனம் அதே பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தது. 2023 ஆகஸ்டு மாதத்தில், தன் சேகரத்தைச் சேர்ந்த பொருள்கள் காணாமற் போயும் களவு போயும் சேதமுற்றும் இருப்பதாக அது அறிவித்தது. சுமார் 2,000 பொருள்கள் என்று கணக்கிட்டனர். இம்முறை போனவை படங்களல்ல, மணிக்கற்களும் நகைகளும் முதலியவை; ஆயினும் காரணம் ஒன்றே. அவற்றுட் பல சரிவரப் பட்டியலிடப்படாதவை. தலைவர் பதவியை விட்டு விலகினார். சேகரம் முழுவதையும் ஐந்தாண்டுகளில் பதிவுசெய்து யாவரும் காணும்படி செய்யப்போவதாக அவ்வாண்டு அக்டோபரில் மியூசியத்தார் அறிவித்தனர். ‘உங்கள் பொருள்கள் எங்களிடமே பத்திரமாக இருக்கும்’ என்று நெடுங்காலமாக உபதேசித்து வந்தவர்களுக்கு இது தலைகுனிவுதான். ஆனால் அதைக் கண்டு நாம் கைகொட்டிச் சிரிப்பதில் பயனில்லை. நியாயஸ்தலத்தில் பழகியவர் யாவரும் அறிந்த விஷயம் ஒன்று உண்டு: பத்திரத்தில் எல்லை குறிக்கப்படாத நிலத்தை எவரும் உழுதுகொள்ளலாம். பட்டியலில் எழுதப்படாத சித்திரமும் அத்தகையதே. உடையவர் வெள்ளையராயினும் கறுப்பராயினும் இவ்விதி மாறாது.

காப்பாட்சியரின் கடைசிக் கடமை, கேட்பவருக்குக் கதவைத் திறப்பது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 50,000 சித்திரங்களும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப்படங்களும் உள்ளன. சுவரில் தொங்குபவை அவற்றில் மிகச் சில. மற்றவை பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அத்தகைய பெட்டிக்கே அங்கு உத்தியோகம் பார்த்த சொலாண்டர் என்ற தாவர சாஸ்திரியின் பெயர் வழங்குகிறது. ஆயினும் முன்கூட்டி அறிவித்துவிட்டு வரும் எவரும் அங்குள்ள படிப்பறையில் அமர்ந்து, கேட்ட படத்தைக் கண்ணெதிரே வைத்துப் பார்க்கலாம். காட்சியில் மறுப்பதும், படிப்பில் கொடுப்பதும் ஒரே தர்மத்தின் இரு பக்கங்கள். காட்டாமல் பூட்டி வைப்பது மட்டும் காவலன்று. அது புதையல் காக்கும் பூதத்தின் வேலை.

இவ்வளவும் பெரிய ஓவியர்களின் அரிய படைப்புகளைப் பற்றியன்றோ, ஏழை நாடாகிய நமக்கு இவை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் மியூசியத்தின் கதையைச் சொல்லுவோம். 1916-இல் அங்கே அச்சுப்படப் பகுதி தொடங்கியபோது, ஒன்பது ஆண்டுகள் வக்கீல் தொழில் செய்துவந்த வில்லியம் ஐவின்ஸ் என்பவர் அதன் முதல் காப்பாட்சியரானார். அச்சுப்படத்தை அழகுப் பொருளாக மாத்திரம் அவர் கருதவில்லை. ஒரே படத்தை மாற்றமின்றித் திரும்பத் திரும்ப அச்சிடும் சக்தி மனிதனுக்குக் கிடைத்த பிறகே தாவர நூலும் உடற்கூற்று நூலும் யந்திர நூலும் வளர வழி ஏற்பட்டது என்பது அவர் கொள்கை. ஆகையால் சிறந்த ஓவியங்களோடு எளிய படங்களையும் மதித்தார். அவருக்குப் பின் 1946-இல் பொறுப்பேற்ற ஹையாட் மேயரும் அவ்வழியே சென்றார்.

இந்த மேயரிடம் ஜெபர்ஸன் பர்டிக் என்ற தொழிலாளி வந்தார். ஸிராக்யூஸ் நகரத்தில் மின்சாரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கீல்வாத நோயினால் கைகால்கள் முடங்கி வந்தவர். சிகரெட்டுப் பெட்டிக்குள் வரும் படங்கள், வியாபார விளம்பரச் சீட்டுகள், தபாலட்டைகள், பந்தாட்டக்காரர் படங்கள் என்று ஜனங்கள் குப்பையில் எறிந்தவற்றை மூன்று லட்சத்துக்கு மேல் சேர்த்திருந்தார். 1947 முதல் அவற்றை மியூசியத்துக்கு அளித்து, தாமே வந்து அமர்ந்து ஒவ்வொன்றாக ஏட்டில் ஒட்டி ஒழுங்குபடுத்தினார். 1963 ஜனவரியில் அவ்வேலையை முடித்தார்; இரண்டு மாதத்தில் காலமானார். குப்பை என்று திருப்பி அனுப்பாமல் அவருக்கு மேஜையும் நாற்காலியும் கொடுத்த மேயரின் விவேகத்தையே நாம் பாராட்டுகிறோம். சாதாரண ஜனங்கள் எதை வாங்கினார்கள், எதை விரும்பினார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை இன்று அறிய விரும்புவோர் அவ்வேடுகளைத் தேடிச் செல்கின்றனர்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்னும் இடத்தில் மகா ஸ்தூபம் ஒன்று இருந்தது. அதன் சலவைக்கல் போன்ற சிற்பப் பலகைகளைக் கட்டடம் கட்டுவதற்காகப் பெயர்த்தும், சுண்ணாம்புக்காகச் சுட்டும் ஜனங்கள் அழித்தனர். 1815-இல் இந்தியாவின் ஸர்வேயர் ஜெனரலாக நியமிக்கப்பட்ட காலின் மெக்கன்ஸி, 1816 முதல் தம் சித்திரக்காரர்களை அனுப்பி, எஞ்சியிருந்த சிற்பங்களை வரைவித்தார். அக்கற்களுட் சில இன்று சென்னை எழும்பூரிலும் சில லண்டனிலும் உள்ளன. பல எங்குமே இல்லை. அவை இவ்வுலகில் இருந்தன என்பதற்கு அச்சித்திரங்களே சாட்சி. கல் போயிற்று, காகிதம் நின்றது! காகிதத்தை அற்பமென்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அச்சித்திரங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் இருக்கின்றன. முன்பு இந்தியா ஆபீஸ் நூல்நிலையத்தில் இருந்தவை 1982-இல் அதன் பொறுப்புக்கு வந்தன. மில்ட்ரெட் ஆர்ச்சர் என்ற மாது 1954 முதல் இந்தியா ஆபீஸ் நூல்நிலையத்தில் அமர்ந்து இத்தகைய ஆயிரக்கணக்கான சித்திரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1969-லும் 1972-லும் அட்டவணைகளை அச்சிட்டார். கும்பினியார் காலத்தில் நம் நாட்டு ஓவியர்கள் வரைந்தவற்றுக்கு உலகில் மதிப்பு உண்டாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அமராவதிச் சித்திரங்களை வரைந்தோருள் முருகேச முதலியார் என்ற பெயர் காணப்படுகிறது. யார் அந்த முதலியார்? எந்த ஊரினர்? அவர் கையெழுத்தும் கோடும் கடல் கடந்து கிடக்க, அவர் ஊரில் அவரை நினைப்பார் இல்லை. ஒரு காப்பாட்சியர் பெயரைக் குறித்து வைத்ததனால் அல்லவோ அவர் பெயராவது நமக்குக் கிடைக்கிறது! எத்தனை பேர் பெயரின்றிப் போயினர் என்பதை யார் சொல்லவல்லார்?

அவற்றைக் கொண்டுபோனவர்கள் ஆளும் ஜாதியார், நாம் அடிமைப்பட்டிருந்தோம், அதனால் போயின என்று சொல்வது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. ஆனந்த குமாரசாமியின் விஷயத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழராகிய ஸர் முத்துக்குமாரசாமியின் புத்திரர். வடநாட்டில் ராஜபுத்திர சித்திரங்களைத் தேடித் திரட்டி, அவற்றின் பெருமையை உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்தவர். காசியில் தேசிய கலைச்சாலை ஒன்று அமைத்தால் தம் சேகரத்தை அதற்கே அளிப்பதாக அவர் முன்வந்தார். அதற்கு வேண்டிய பணம் சேரவில்லை. 1917-இல் அச்சேகரம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றது. அதன் பின்னே அவரும் காப்பாட்சியராகச் சென்று, 1947-இல் காலமாகும் வரையில் அங்கேயே பணிபுரிந்தார். இங்கே எவரும் கொள்ளையடிக்கவில்லை. கொடுக்க வந்ததை நாம் வாங்கவில்லை. படமும் போயிற்று, படத்தை அறிந்தவரும் போனார். இவ்விரண்டில் எது பெரிய நஷ்டம் என்று கேட்டால், இரண்டாவதே என்போம்.

பழங்கதை கிடக்கட்டும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் அமைத்து, லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் ஏழையின் குடிசைச் சுவருக்கும் கொண்டுவந்தார். பின்னாளில் கைமாறிய அவ்வச்சுக்கூடம் 1972-இல் தீப்பற்றி எரிந்தது. தென்பாண்டி நாட்டில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வங்களைத் தமிழ்நாட்டில் காணாத வீடு எத்தனை? சிவகாசியில் அச்சாகி, வருஷந்தோறும் மளிகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இனாமாகக் கிடைத்த காலண்டர்கள் அல்லவா அவை? வருஷம் முடிந்ததும் அவற்றை என்ன செய்தோம்? தீப்பெட்டிப் படங்களையும், நாடக நோட்டீஸுகளையும், கலியாணப் பத்திரிகைகளையும் என்ன செய்தோம்? மூன்று தலைமுறையின் பக்தியும் ரசனையும் வியாபாரமும் அக்காகிதங்களில் இருந்தன. அடுப்புக்கும் பழைய காகிதக்காரனுக்கும் போட்டோம்.

நம்மிடையே பர்டிக் இல்லாமலில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். கைப்பொருளைச் செலவிட்டுப் பழந்தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். அவர் 1992-இல் காலமான பின் அச்சேகரத்தை விலை கொடுத்து வாங்கியது யார்? சிகாகோ சர்வகலாசாலை! நல்ல வேளையாக அச்சர்வகலாசாலையார் அதைக் கடல் கடத்தாமல், 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் நிறுவ வழி செய்தனர். அவர்களுக்கு நம் வந்தனம் உரியது. ஆனால் தமிழன் சேர்த்ததைத் தமிழ்நாட்டில் வைப்பதற்கு அமெரிக்கர் பணம் வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நம் முகம் சிவக்க வேண்டாமா?

பசித்திருக்கும் ஜனங்களுக்குச் சோறா, படமா என்று கேட்போர் உண்டு. சோறு முந்தியது என்பதில் ஆட்சேபமில்லை. ஆயினும் சிலைகளைத் திறக்கவும், மண்டபங்களைக் கட்டவும், விழாக்களை நடத்தவும் கிடைக்கும் பணம், ஓர் அறையை ஈரமின்றி வைத்து அதிலே நான்கு அறிஞரை அமர்த்துவதற்கு மாத்திரம் கிடைக்காதா? வேறு சிலர், எல்லாவற்றையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் காப்பாட்சியர் எதற்கு என்கின்றனர். படமெடுப்பது மிகவும் நன்று. கிராமத்துச் சிறுவனும் அதனால் பார்க்க முடியும். ஆனால் நீர்க்குறியையும், காகிதத்தின் கனத்தையும், பின்புறத்தில் எவரோ எழுதிய பெயரையும் பார்க்கத் தெரிந்த மனிதர் பட்டியலிட்ட பிறகு எடுக்கும் படமே பயன்படும். பெயரும் காலமும் அறியாத லட்சம் படங்களைக் கம்ப்யூட்டரில் குவிப்பது, குப்பையை இடம் மாற்றுவதேயாகும்.

ஆகவே நாம் கேட்பவை சில. எந்தப் பொருட்காட்சிசாலையிலும் நூலகத்திலும் பழஞ்சித்திரங்களும் அச்சுப்படங்களும் உள்ளனவோ, அங்கெல்லாம் அவற்றுக்கென்றே பயிற்சி பெற்ற காப்பாட்சியரை நியமிக்க வேண்டும்; வேலைக்கேற்ற சம்பளமும், ஆயுள் முழுதும் அதிலேயே நிலைத்திருக்கும் வசதியும் அளிக்க வேண்டும். உள்ளவை அனைத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பட்டியல் அச்சிட்டுப் பொதுஜனங்கள் முன் வைக்க வேண்டும். விரும்பி வருவோர் அமர்ந்து பார்ப்பதற்குப் படிப்பறை திறக்க வேண்டும். சிவகாசி அச்சுக்கூடத்தார் தாங்கள் அச்சிடும் காலண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைப் பொது நூலகம் ஒன்றுக்கு அளிக்க முன்வர வேண்டும். அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒரு தாளே. பொதுஜனங்களும், பாட்டனார் பெட்டியிலுள்ள பழம்படங்களைக் கழிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடல் கடந்து போனவற்றைத் திருப்பிக் கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கும்போது எதிர்க்கட்சியார் ஒரு கேள்வி கேட்பர்: ‘கொடுத்தால் எங்கே வைப்பீர்கள், யார் காப்பார்?’ அதற்கு விடையாகக் கட்டடத்தைக் காட்டினால் போதாது. மனிதரைக் காட்ட வேண்டும். ராஜதானிதோறும் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றும் தேசபக்தர்கள், தங்கள் ஊர்ப் பொருட்காட்சிசாலைக்கு இந்த வாரமே ஒருமுறை சென்று, ‘இங்குள்ள சித்திரங்களின் பட்டியல் எங்கே?’ என்று கேட்பார்களாக. விடை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், அவர்களுடைய முதல் வேலை அங்கேயே காத்திருக்கிறது.